அத்தியாயம் 3: விடுதியில் முதல் வாரம்

கலந்தாய்வில் இடம் கிடைத்தாயிற்று. கட்டணமும் கட்டியாயிற்று. விடுதி ஒதுக்கீட்டுச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. இனி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தமிழ்நாட்டில் ஜூன் தொடங்கிக் கலைக் கல்லூரி, பொறியியல், வேளாண்மை, மருத்துவம் என்று ஒவ்வொன்றாக விடுதிகள் நிரம்புகின்றன. அப்படி வந்து சேர்பவர்களில் பலர், தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் ஆள். விடுதி என்றால் இப்படி இருக்கும் என்று சொல்லி அனுப்ப அண்ணனோ அக்காவோ வாய்க்காதவர்கள். இந்த அத்தியாயம் முதலில் அவர்களுக்காக.

வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "யார் வம்புக்கும் போகாதே. நீ உண்டு, உன் படிப்பு உண்டுன்னு இரு." அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் ஓடாத ஃபேன் உள்ள அறை அமைகிறது. ஊருக்குப் போயிருந்த நாட்களுக்கும் சேர்த்து மெஸ் பில் வருகிறது. காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தாலும் பக்கத்து அறைக்குத் தெரியாமல் போகிறது. விடுதியில் நன்றாக இருப்பவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள். முதல் வாரத்தில் எதைக் கேட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. புதுசு என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். அதே கேள்வியை மூன்றாம் மாதத்தில் கேட்க நமக்கே கூச்சம் வந்துவிடும். எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டியில் என்ன வைப்பது

குறைவாகக் கொண்டுபோங்கள். அறையில் உங்கள் பங்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி. சில இடங்களில் அலமாரியே பாதிதான். பக்கெட், மக், கொடிக்கயிறு, துணி கிளிப் எல்லாம் கல்லூரி வாசலிலேயே கிடைக்கும். அவற்றை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். ஊரிலிருந்து கட்டாயம் வர வேண்டியவை: இரண்டு நல்ல பூட்டுகள் (ஒன்று அலமாரிக்கு, ஒன்று பெட்டிக்கு), போர்வை, கொசுவலை, டார்ச், சொந்தத் தட்டும் தம்ளரும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், சான்றிதழ்களின் நகல் ஐந்தாறு செட், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்தால் எதையெதைக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் காய்ச்சும் ராடு, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றைப் பெரும்பாலான விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஒரு மின் இணைப்பில் நான்கு பேர் நான்கு கருவிகளைச் செருகினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதே காரணம். விதிமுறைத் தாளைப் படித்துவிட்டு எடுத்து வையுங்கள்.

சேரும் நாள்

முடிந்தால் காலையிலேயே போய்ச் சேருங்கள். அலுவலக வேலை முடிய மதியம் ஆகிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே அறையைப் பார்த்துவிட வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா, டியூப் லைட் எரிகிறதா, ஜன்னல் தாழ்ப்பாள் விழுகிறதா, கட்டில் பலகை உடைந்திருக்கிறதா, அலமாரிக் கதவு மூடுகிறதா என்று சரிபாருங்கள். பழுது எதுவானாலும் போனில் படம் எடுத்துக்கொண்டு, அன்றே விடுதி அலுவலகத்தில் உள்ள புகார் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சேரும்போது நீங்கள் கட்டிய தொகையில் காஷன் டெபாசிட் என்று ஒன்று உண்டு. படிப்பு முடிந்து வெளியேறும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம் அது. அறையில் ஏதாவது உடைந்திருந்தால் அதிலிருந்துதான் கழிப்பார்கள். முதல் நாள் எழுதி வைத்த இரண்டு வரி, யாரோ உடைத்த கண்ணாடிக்கு நீங்கள் பணம் கட்டாமல் காப்பாற்றும்.

பெற்றோர் கூட இருக்கும்போதே வார்டனிடம் ஐந்து விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இரவு எத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும்? ஊருக்குப் போக அவுட் பாஸ் யாரிடம், எத்தனை நாள் முன்னதாக வாங்க வேண்டும்? நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, வண்டி இருக்கிறதா? பார்க்க வருபவர்களை எந்த நாளில், எங்கே அனுமதிப்பார்கள்? மெஸ் கணக்கு எப்படி? பெண்கள் விடுதி என்றால், யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற பட்டியலில் புகைப்படத்தோடு பெயர் தர வேண்டியிருக்கும். அந்த ஊரில் அவசரத்துக்கு வந்து நிற்கக்கூடிய உறவினரையோ குடும்ப நண்பரையோ அதில் சேர்த்துவிடுங்கள். நாப்கின் எரிக்கும் இயந்திரம் எந்தத் தளத்தில் இருக்கிறது, வேலை செய்கிறதா என்பதையும் அக்காமார் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே தனியார் விடுதியில் சேரும் பெண்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதன்படி உரிமம் பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெற்ற இடம் தயங்காமல் காட்டும்.

அறைத்தோழர்கள்

முதல் இரவில் எல்லோரும் நல்லவர்கள். எல்லா வீட்டு முறுக்கும் அதிரசமும் நடுக்கட்டிலில் பரப்பப்படும். இரண்டாவது வாரத்தில்தான் உரசல் தொடங்கும். காலை 5 மணிக்கு ஒருவர் அலாரம் வைப்பார். அவரைத் தவிர மற்ற மூவரும் எழுந்துவிடுவார்கள். ஒருவர் நள்ளிரவு வரை ஸ்பீக்கரில் பேசுவார். ஒருவருடைய சோப்பு நாளுக்கு நாள் கரையும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். சொல்லாமல் மனதில் போட்டுவைத்தால் அதுவே இரண்டு மாதம் முகம் பார்க்காத பகையாகிவிடும்.

ஆகவே சேர்ந்த மூன்று நாளுக்குள், அறையில் எல்லோரும் இருக்கும் ஒரு மாலையில், உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேச வேண்டியவை இவ்வளவுதான்:

1. பெரிய விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது? அதற்கு மேல் படிப்பவர் எங்கே படிப்பது?
2. யார் எத்தனை மணிக்கு எழுவார்கள்? அலாரம் வைப்பவர் முதல் ஒலியிலேயே அணைக்க வேண்டும்.
3. போன் பேச்சு அறைக்குள்ளா, வராந்தாவிலா?
4. சாவி ஒன்றுதான் என்றால் அதை எங்கே வைப்பது? கடைசியாகக் கிளம்புபவர் யார்?
5. அறை பெருக்குவதும் குப்பைக் கூடையைக் கொட்டுவதும் எந்த நாள் யார் முறை?
6. கேட்காமல் எடுக்கக்கூடாதவை எவை? துண்டு, சோப்பு, லேப்டாப், வண்டிச் சாவி இந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கட்டும்.
7. வேறு அறை நண்பர்கள் எத்தனை மணி வரை வந்து உட்காரலாம்?

எப்படிச் சொல்வது என்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது. "லைட்டை அணைக்கவே மாட்டியா?" என்று கேட்டால் சண்டை. "ப்ரோ, லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கமே வராது. பதினோரு மணி வரைக்கும் எரியட்டும், அப்புறம் டேபிள் லைட் வச்சுக்கலாமா?" என்று கேட்டால் ஏற்பாடு. உங்கள் கஷ்டத்தை முதலில் சொல்லுங்கள். ஒரு வழியையும் நீங்களே சொல்லுங்கள். அவர் தன் வசதியைச் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

அறைத்தோழர் உயிர்நண்பராக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் மதித்து, தூங்கவும் படிக்கவும் விட்டால் போதும். நண்பர்கள் வகுப்பிலும் மைதானத்திலும் மெஸ்ஸிலும் தானாக அமைவார்கள்.

இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். "எந்த ஊரு?" என்று தொடங்கி, "ஊருல எந்தப் பக்கம்?", "உங்க ஆளுங்க யாரு?", "குலசாமி எது?" என்று நீளும் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால், "பேரு தெரியும்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துக் கூட்டம் சேர்க்கும் பழக்கம் சில பள்ளிகளிலேயே தொடங்கிவிடுகிறது. அத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைத்ததும் அதனால்தான். அந்தக் கயிற்றை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நான்கு மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்து எழுவது, பலருக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. அதைச் சாதி பார்த்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

காலை வரிசை

ஒரு தளத்தில் நாற்பது பேர், குளியலறை ஐந்து அல்லது ஆறு. வகுப்பு 8.30 மணிக்கு. காலை 7 மணிக்கு வராந்தாவில் பார்த்தால் கதவுக்கு முன் வண்ண வண்ண பக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். பக்கெட்டின் சொந்தக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவார்கள். அந்த நேரத்தில் தண்ணீரும் நின்றுவிட்டால் அன்றைக்கு முதல் பீரியட் போனது போலத்தான்.

இதற்கு இரண்டே வழி. ஒன்று, 6 மணிக்கு முன் குளித்துவிடுவது. இன்னொன்று, முந்தைய இரவே குளித்துவிட்டுக் காலையில் முகம் கழுவிக்கொண்டு கிளம்புவது. தண்ணீர் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எப்போது நிற்கும் என்று முதல் நாளே மாடிப் பொறுப்பாளரிடமோ இரண்டாம் ஆண்டினரிடமோ கேளுங்கள். இரவில் ஒரு பக்கெட் பிடித்து மூடி வையுங்கள். திறந்து வைத்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். அந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் வளரும். பகலில்தான் கடிக்கும்.

துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். அன்றைக்குக் கொடியில் இடமே இருக்காது. தினமும் குளிக்கும்போது உள்ளாடையையும் ஒரு சட்டையையும் அலசிப் போட்டுவிட்டால் சுமை தெரியாது. துணியின் உள்பக்கம் அறை எண்ணை மார்க்கரால் எழுதி வையுங்கள்.

மெஸ் கணக்கு

சாப்பாடு வீட்டைப் போல இருக்காது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும் சாம்பாரில் அம்மாவின் கைப்பக்குவத்தை எதிர்பார்க்க முடியாது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் ஒரு பாட்டில் கையில் இருந்தால் பல நாட்களைக் கடத்திவிடலாம். ஆனால் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். முதலாண்டில் மயங்கி விழும் பிள்ளைகளில் பலர் காலையில் சாப்பிடாமல் ஓடியவர்கள்.

கணக்கைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில கல்லூரிகளில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பல அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி விடுதிகளில் டிவைடிங் முறை. அதாவது மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதியில் 200 பேர், மாதம் 30 நாள் என்றால் மொத்தம் 6,000 சாப்பாட்டு நாட்கள். ஊருக்குப் போனவர்கள் முறையாக எழுதிக் கொடுத்துக் கழித்த நாட்கள் 600. மீதி 5,400. அந்த மாதம் மளிகை, காய்கறி, பால், எரிவாயு எல்லாம் சேர்ந்து 5,40,000 ரூபாய் ஆனால், ஒரு நாளைக்கு 100 ரூபாய். நீங்கள் 26 நாள் இருந்திருந்தால் 2,600 ரூபாய். சமையல்காரர் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவு இதற்கு மேல் தனியாக வரும்.

இப்போது கவனியுங்கள். நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு, ரிடக்‌ஷன் (சாப்பிடாத நாட்களுக்கான கழிவு) எழுதிக் கொடுக்காமல் விட்டால், அந்த 400 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறிவிடும். எத்தனை நாள் முன்னதாக எழுத வேண்டும், குறைந்தது எத்தனை நாள் இல்லாவிட்டால் கழிப்பார்கள், எந்த நோட்டில் எழுதுவது என்ற மூன்றையும் மெஸ் மேலாளரிடம் முதல் வாரமே கேளுங்கள். முட்டை, கோழி போன்றவற்றுக்குத் தனி டோக்கன் உண்டா என்பதையும் கேளுங்கள். மாத பில் பலகையில் ஒட்டியதும் உங்கள் எண்ணுக்கு நேரே இருக்கும் நாட்களைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் மெஸ் ரெப் எனப்படும் மாணவர் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். திருத்துவது அவர் வேலை.

சீனியர்களும் ராகிங்கும்

பெரும்பாலான சீனியர்கள் நல்லவர்கள். பழைய புத்தகம் தருவார்கள், எந்த ஆசிரியர் எப்படி என்று சொல்வார்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "வணக்கம் அண்ணா", "வணக்கம் அக்கா" என்று நீங்களே போய்ப் பேசுங்கள். பெயர், ஊர், பாடப்பிரிவு கேட்பது அறிமுகம். அதில் தவறில்லை.

எல்லை எங்கே என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் விருப்பப்பட்டுச் செய்யாத ஒன்றைப் பயமுறுத்திச் செய்யச் சொன்னால் அது ராகிங். இரவில் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைப்பது, ஆபாசமாகப் பேச வைப்பது, துணி துவைக்கச் சொல்வது, ரெக்கார்டு எழுதச் சொல்வது, பணம் பிடுங்குவது, குடிக்கச் சொல்வது, அடிப்பது எல்லாம் ராகிங்தான். வாட்ஸ்அப்பில் மிரட்டினாலும் அதேதான். சாதி, மதம், மொழி, நிறம், பிறந்த ஊர் ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் ராகிங் வரையறைக்குள் கொண்டுவந்தது.

1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன்படி ராகிங் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். 2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்த பிறகு, மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளைக் கொண்டுவந்தது. சேரும்போது நீங்களும் பெற்றோரும் கொடுக்கும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி அந்த விதிகளின்படிதான்.

புகார் சொல்ல 24 மணி நேர இலவச எண்: 1800-180-5522. இதை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். முதலில் வார்டனிடமோ வகுப்பு ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர்கள் அசையாவிட்டால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். "சொன்னா இன்னும் மோசமாகும்" என்று பயமுறுத்துவார்கள். சொல்லாமல் இருந்தால்தான் மோசமாகும். நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள்.

பணமும் உதவித்தொகையும்

மாதச் செலவுக்கு வரும் தொகையை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பும் வசதி வந்தபின், தேநீருக்கும் ஜூஸுக்கும் போகும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் வாரம் மட்டுமாவது ஒவ்வொரு செலவையும் எழுதிப் பாருங்கள். கடன் செயலிகளின் பக்கமே போகாதீர்கள். அவசரம் என்றால் வீட்டில் சொல்லுங்கள், இல்லையென்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்களிடம் அந்தக் கட்டணத்தைக் கேட்டால், கட்டுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் விளக்கம் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளுக்கு எப்போது விண்ணப்பம் திறக்கும் என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பு

புது ஊர்த் தண்ணீருக்கு முதல் வாரம் வயிறு படுத்துவது சகஜம். எந்தக் குழாயில் சுத்திகரித்த தண்ணீர் வருகிறது என்று தெரியும்வரை கண்ட குழாயில் குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடுவதற்கு முன் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். மருந்துக்கடை பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அறைத்தோழர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நள்ளிரவில் உங்களுக்குப் பதில் பேசப்போவது அவர்தான். ஆம்புலன்ஸுக்கு 108.

வீட்டு ஞாபகம்

முதல் சில நாட்கள் மாலை 5 மணி முதல் 7 மணி வரைதான் கடினம். வகுப்பு முடிந்திருக்கும், இருட்டத் தொடங்கியிருக்கும். வீட்டில் இந்நேரம் என்ன நடக்கும் என்று மனசு ஓடும். அழுகை வந்தால் அழுங்கள். ஆண் பிள்ளை அழக்கூடாது என்ற பேச்சை நம்பாதீர்கள். போர்வைக்குள் அழுபவர் அந்தத் தளத்தில் நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள்.

அந்த இரண்டு மணி நேரம் அறையில் தனியாக உட்காராதீர்கள். மைதானம், நூலகம், கல்லூரிக்குள் ஒரு நடை என்று எங்காவது போங்கள். பக்கத்து அறைக்காரரிடம் "டீ குடிக்கப் போலாமா?" என்று கேளுங்கள். அவரும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்குப் பேச ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்றால் நல்லது. மணிக்கொரு முறை பேசினால் உடல் விடுதியிலும் மனசு ஊரிலுமாக இருக்கும். முதல் வார இறுதியிலேயே ஊருக்குக் கிளம்பாமல் இருக்கப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் துணி காயப்போட்டுக்கொண்டு, கிரிக்கெட் ஆடிக்கொண்டு, ஒன்றாகப் படம் பார்த்துக்கொண்டு பழகும் நாள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் போகும்போது, விடுதிக்குத் திரும்பவும் மனசு வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போனில் அழுதால் உடனே "கிளம்பி வந்துடு" என்று சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாம் அழுவியா?" என்றும் அடக்காதீர்கள். முழுதாகக் கேளுங்கள். யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று மட்டும் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, வகுப்புக்குப் போகவே முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அது வெறும் வீட்டு ஞாபகமாக இருக்காது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசகர்கள் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை. உங்கள் நண்பர் அப்படிப் பேசினால், தனியே விடாமல் கூட இருந்து, அந்த எண்ணுக்கு நீங்களே போட்டுக் கொடுத்து, வார்டனிடமும் சொல்லுங்கள்.

வகுப்பும் விடுதியும்

பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் வார வகுப்புகள் மிரட்டும். ஆசிரியர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார். பாதி புரியாது. அதைச் சரிசெய்ய விடுதியைப் போல நல்ல இடம் கிடையாது. ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று நான்கு பேர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் அன்றைய பாடத்தைத் தமிழில் பேசிப் பாருங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2017-ல் மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்ததே, பாடச் சுமை ஏறுவதற்குள் மாணவர்கள் இடத்துக்குப் பழகட்டும் என்பதற்காகத்தான். உங்கள் கல்லூரியில் அந்தப் பயிற்சி நடந்தால், வீண் என்று நினைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

ஏழாம் நாள் சரிபார்ப்பு

ஞாயிறு இரவு இந்தப் பட்டியலை எடுத்து வைத்து டிக் போடுங்கள்.

- வார்டன், மாடிப் பொறுப்பாளர், மெஸ் ரெப் மூவரின் பெயரும் எண்ணும் என்னிடம் இருக்கின்றன.
- 1800-180-5522, 14416, 108 போனில் பதிந்திருக்கின்றன.
- அறைப் பழுதுகளைத் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.
- விளக்கு, அலாரம், சாவி பற்றி அறையில் பேசி முடிவெடுத்துவிட்டோம்.
- மெஸ் ரிடக்‌ஷன் எழுதும் முறை தெரியும்.
- உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டேன்.
- என் அறைக்கு வெளியே பெயர் தெரிந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று விடுபட்டிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை போய்க் கேளுங்கள். விடுதி உங்கள் குடும்பம் கட்டிய பணத்திலும் மக்களின் வரிப்பணத்திலும் நடக்கிறது. ஓடாத ஃபேனைச் சரிசெய்யச் சொல்வதும், பில்லில் தவறு என்று காட்டுவதும், பயமாக இருக்கிறது என்று சொல்வதும் உங்கள் உரிமை. மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.